வெளுத்த சங்கிலி

கரம்பொன், ஊர்காவற்றுறை
18.05.2023

தங்கை மனோகரிக்கு,

அண்ணன் விநாயகமூர்த்தி எழுதுவது. சுகம் விசாரிக்கும் வரிகளை இம்முறை எழுதவில்லை. நீயும் அவற்றைத் தேடமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணை, குறை நினையாதையுங்கோ. அம்மான்ரை கொடியை அந்தக் கஷ்டகாலத்திலை வித்துப்போட்டு, வேறை என்னத்துக்கோ முலாம் பூசித் தந்திட்டியளோ?" இதுதானே? நீ கேட்டபோது பக்கத்தில் யாரோ இருமினார்கள். உன் சம்பந்தியம்மாவாக இருக்கவேண்டும். அப்படியென்றால் போனைச் சத்தமாகப் போட்டு, வீடு முழுவதும் கேட்க, என்னைக் கள்ளன் என்று சொன்னாய்.

தை மாதம் நல்லூரில் மேனுகாவின் கலியாணத்தில் அந்தச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டவன் நான். தாய்மாமன் முறைக்குப் போட்டது. அம்மா செத்த பிறகு அவவின் தாலிக்கொடியை உருக்கிச் செய்வித்தது. அதில் ஒரு குன்றிமணி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தொண்ணூற்றொன்றில் தீவை விட்டு ஓடியபோது அந்தக் கொடியை முகப்பவுடர் டின்னுக்குள் புதைத்துக்கொண்டு போனேன். ஆமிக்காரன் மூடியைத் திறந்து, மணந்து பார்த்து, சிரித்துவிட்டுத் தந்தான். கடை எரிந்து, வீடு இடிந்து, என்னிடம் மிஞ்சியது அந்த டின் ஒன்றுதான். பசி கிடந்தேனே தவிர அதைத் தொடவில்லை.

நாலு மாதத்தில் சங்கிலி வெளுத்துப்போனது என்கிறாய். பவுண் வெளுக்குமா? நீ பார்த்தது என்ன, சொல்வது என்ன என்பதை எழுத்தில் தா. வாயால் சொன்னதை நாளைக்கு இல்லையென்பாய். எழுத்து அப்படியில்லை. இனி உன்னோடு போனில் கதைக்கமாட்டேன். போனை உபதபாற்கந்தோர் நிலாந்தியிடம் கொடுத்துவிட்டேன். "ஐயா, நான் பத்திரமாய் வைச்சிருக்கிறன், கோபம் ஆற வாங்கோ" என்றாள். ஆறாது என்று சொன்னேன்.

இப்படிக்கு,
வி. விநாயகமூர்த்தி


ஸ்காபுறோ, கனடா
25.07.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் இங்கே கடவுள் கிருபையால் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் நாகபூஷணி அம்மனை வேண்டுகிறேன். நீங்கள் விட்டதற்காக நானும் விடமாட்டேன்.

எழுத்தில் கேட்டீர்கள், தருகிறேன். சங்கிலி வெளுத்துவிட்டது. முதலில் பிடரிப் பக்கம் ஒரு விரல் நீளம். பிறகு முன்பக்கமும். அலுமினியச் சட்டியைப் போல ஒரு சாம்பல் நிறம். மேனுகாவின் மாமியார்தான் முதலில் கண்டா. பத்துப் பேர் இருந்த சாப்பாட்டு மேசையில், "ஊரிலை இப்ப இப்பிடித்தான் செய்யினமோ?" என்று கேட்டா. அந்த வெட்கத்தில் இங்கே ஒரு நகைக்கடைக்கும் கொண்டுபோகவில்லை. போய், அவன் என் முகத்துக்கு நேரே பித்தளை என்று சொன்னால் நான் எங்கே போவது? இப்போது எங்கள் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறா. அவவின் கையில் சங்கிலியையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். அவவுக்காகக் காத்திருந்ததால்தான் இவ்வளவு தாமதம். நீங்களே பாருங்கள்.

போனைச் சத்தமாகப் போட்டது உண்மை. அவர்கள் கேட்கவேண்டும், நீங்கள் "இல்லை" என்று சொல்லவேண்டும், அதோடு முடியவேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் சொல்லாமல் வைத்துவிட்டீர்கள். வைத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஒரு நல்ல செய்தி. மேனுகாவுக்கு மூன்று மாதம். மருமகன் கீர்த்திகன் அவளைத் தரையில் நடக்கவிடுகிறார் இல்லை. சத்திதான் கொஞ்சம் கூட, சாப்பிட்டது வயிற்றில் தங்குவதில்லை. கன்னம் இரண்டிலும் மங்கு படர்ந்துவிட்டது, அதுதான் அவளுக்குக் கவலை. பயப்படாதே என்று சொல்லி என்னுடைய கிறீமைக் காலையும் மாலையும் கழுத்து வரைக்கும் பூசச் சொல்லியிருக்கிறேன். கலியாணத்துக்கு முன்பிருந்தே பூசுகிறாள், இப்போது கொஞ்சம் கூட்டியிருக்கிறது. நான் வீட்டில் இருந்தபடி விற்கிற கிறீம்தான். பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா. தெரிந்த ஒரு மனுசி வேறு நாட்டிலிருந்து எடுப்பித்துத் தருகிறா. பதினைந்து நாளில் முகம் உரித்த நுங்கு மாதிரி வரும். பதினொரு பெண்கள் என்னிடம் ஒழுங்காக வாங்குகிறார்கள்.

உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் எனக்கு இந்தப் பைத்தியத்தைத் தந்தவர் யார்? எண்பதாம் ஆண்டு, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பதுளைக் கடையிலிருந்து ஒரு கிறீம் போத்தலோடு வந்து இறங்கினீர்கள். "பூசு கறுப்பி, பதினைஞ்சு நாளிலை ஆளே மாறிடுவாய்." எனக்குப் பத்தொன்பது வயது. அதுவரைக்கும் நான் கறுப்பு என்பது ஒரு வருத்தம் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் அன்புத் தங்கை,
மனோகரி


கரம்பொன்
30.08.2023

பக்கம் 1

மனோகரிக்கு,

சங்கிலியும் கடிதமும் கேதீஸ்வரி தந்தா. கைக்குட்டையில் சுற்றி, செத்த பூரானைத் தருவது போல நீட்டினா. நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்று அவவின் முகத்திலேயே எழுதியிருந்தது.

முதலில் என் கணக்கைச் சொல்கிறேன். இருபது வருடம் பதுளையில் பவுடரும் சாந்தும் கிறீமும் விற்கிற கடை நடத்தினேன். சிங்களவன், தமிழன், தோட்டத்துச் சனம், எவரும் என்னைக் கள்ளன் என்று சொன்னதில்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடையை எரிக்க வந்தவன்கூட, "முதலாளி நல்ல மனுசன், வெளியிலை வாங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் எரித்தான். எனக்குக் கள்ளன் என்று பெயர் வைக்க நான் பிறந்த வயிற்றிலேயே பிறந்தவள் வேண்டியிருந்தது. உனக்கு என்ன குறை வைத்தேன்? உன் சீதனத்துக்கு என் பங்குக் காணியை எழுதினேன். நீ கனடா போக நான் கடன்பட்டேன். நான் கலியாணம் கட்டாமல் நின்றது ஏன் என்று ஊரில் கேட்டுப் பார். நன்றி கெட்டவளே என்று எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் உன் வாயில் மிளகாய் தேய்த்திருப்பா. சம்பந்தியின் முன்னால் உன் மானம் பெரிது, ஊரில் தனியே கிடக்கிற என் மானம் உனக்குக் குப்பை.

பக்கம் 2

அடுத்த நாளே முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். கன்னாதிட்டியில் ஏரம்பு பத்தரிடம் கொடுத்தேன். அம்மாவின் கொடியை உருக்கிச் சங்கிலி செய்தவர் அவருடைய தகப்பன். சங்கிலியைக் கண்டதும் மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "இது எங்கட கைவேலை ஐயா. கொளுக்கியைப் பார்த்தால் தெரியுது" என்றார். நிறுத்தார். அன்றைய நிறைதான், இம்மியும் குறையவில்லை. வெளுக்காத ஒரு கண்ணியை உரைகல்லில் தேய்த்தார். மஞ்சளாக விழுந்தது. வெளுத்த கண்ணியை அரத்தால் இரண்டு தரம் இழுத்தார். உள்ளே மஞ்சள். "நோய் வருத்தம் தோலிலைதான், ஆளிலை இல்லை" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் இது முடியட்டும்.

பக்கம் 3

சங்கிலியைப் பட்டறைக்குள் சூடு காட்ட அவர் சம்மதிக்கவில்லை. பின் வளவுக்குக் கொண்டுபோனார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். என்னைப் பத்து முழம் தள்ளி நிற்கச் சொன்னார். ஊதுகுழலால் நெருப்புக் காட்டினார். நீ நம்பமாட்டாய். சாம்பல் நிறம் மெல்லமெல்லப் போய், உள்ளிருந்து மஞ்சள் வந்தது. புளித் தண்ணீரில் போட்டு எடுத்து மினுக்கித் தந்தார். கலியாணத்தன்று இருந்த அதே சங்கிலி.

இருபத்திரண்டு கரட் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அதை உன் சம்பந்தியம்மாவிடம் நீ காட்டவேண்டும். பத்துப் பேர் இருந்த அதே மேசையில் காட்டவேண்டும். "என்ரை அண்ணை கள்ளன் இல்லை, நான்தான் பிழையாய்க் கதைச்சனான்" என்று நீ சொல்லவேண்டும். சொன்ன பிறகு, சொன்னேன் என்று எனக்கு எழுதவேண்டும். அதுவரைக்கும் சங்கிலி என்னிடம்தான் இருக்கும்.

பக்கம் 4

இனி பத்தர் கேட்ட கேள்வி. "ஐயா, இந்தச் சங்கிலி போடுற பிள்ளை முகத்துக்கு என்ன பூசிறவ?"

பவுணை வெளுக்கச் செய்வது பாதரசம். வேறொன்றும் இப்படிச் செய்யாது என்கிறார். சூடு காட்டினால் அதன் புகை நஞ்சு, அதற்குத்தான் பின் வளவு. சங்கிலியில் ஏறியது உன் டப்பாவிலிருந்து வந்தது. தோலைச் சீக்கிரம் வெளுக்கப்பண்ண அதைக் கலக்கிறார்கள். திரும்பி வரும்போது ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்டேன். அது தோலுக்குள்ளால் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்றார். மேனுகா அதை இனித் தொடக்கூடாது. இருக்கிற டப்பாவை அவளுடைய டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தமும் சலமும் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்பதாம் ஆண்டுக் கதையை நீ எடுத்ததால் அதையும் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பவுடர் டின்னையும் கிறீம் பெட்டியையும் அகராதியோடு வைத்து வாசித்துத்தான் இங்கிலீசு படித்தேன். சாந்துப் பொட்டில் என்ன சாயம், கண்மையில் என்ன கரி, எல்லாம் பெட்டியை வாசித்தே அறிந்தவன். அந்தக் கிறீம் பெட்டிக்குள் ஒரு துண்டு இருந்தது. தங்க, வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்று அதில் போட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து விளங்கிக்கொண்டேன். வாங்கிய பெண்கள் எல்லோருக்கும், "சங்கிலியைக் கழட்டி வைச்சிட்டுப் பூசுங்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தேன். உனக்கும் சொன்னேன். நகையைக் காப்பாற்றினேன். பொன்னையே வெளுக்கப்பண்ணுவது தோலை என்ன செய்யும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

வி. விநாயகமூர்த்தி


ஸ்காபுறோ
19.09.2023

அண்ணைக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. கவர் மொத்தமாக இருந்தது. சங்கிலியைப் பற்றி ஒரு நல்ல சொல் இருக்கும் என்று நினைத்து, வேலைக்கு வெளிக்கிட்ட சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்து வாசித்தேன்.

முதல் பக்கம் வாசித்தேன். எனக்கு அது போதும். சீதனக் காணியையும் கனடாக் காசையும் சொல்லிக்காட்ட இத்தனை வருடம் காத்திருந்தீர்களா? நன்றி கெட்டவள் என்று எழுதிய பிறகு அடியில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? மற்றப் பக்கங்களில் இதைவிடக் கூடத்தான் இருக்கும். உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் போகப்போகத்தான் சூடு பிடிப்பீர்கள். எல்லாவற்றையும் மடித்துச் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கிற மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

சங்கிலி உங்களிடமே இருக்கட்டும். பித்தளையோ பவுணோ, எங்களுக்கு வேண்டாம்.

கோபத்திலும் பிள்ளையின் செய்தியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மேனுகாவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மங்கு இருந்த இடமே தெரியவில்லை, முகம் பளிச்சென்று இருக்கிறது. எல்லாரும் பெண்பிள்ளை என்கிறார்கள். கால்தான் கொஞ்சம் வீங்குகிறது, கண் மடலும் காலையில் ஊதிக் கிடக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வழமைதானே என்று மாமியார் சொல்கிறா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல எனக்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

மனோகரி


கரம்பொன்
10.10.2023

மனோகரிக்கு,

லாச்சியைத் திற. நாலாம் பக்கத்தை வாசி.

அது சங்கிலியைப் பற்றியது இல்லை, காணியைப் பற்றியதும் இல்லை. உன் மகளைப் பற்றியது. அந்தக் கிறீமில் பாதரசம் இருக்கிறது. கால் வீக்கம் வழமை இல்லை. டப்பாவை டொக்டரிடம் கொண்டுபோ.

உன் கடிதம் நேற்று, ஒன்பதாம் திகதி, என் கைக்கு வந்தது. தபாற்கந்தோரிலேயே நின்று வாசித்தேன். நிலாந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஐயா என்று கேட்டாள். சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. மேசைக்குள் இருந்து என் போனை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். "ஐயா, இது இஞ்சதான் சார்ஜிலை கிடக்கு. நம்பர் உள்ளுக்கை இருக்கு. ஒரு கோலிலை முடியிற விஷயத்தைக் கடிதத்திலை எழுதி, அது எப்ப போய்ச் சேருறது?"

"நான் எடுக்கமாட்டன் பிள்ளை" என்றேன்.

"உங்களுக்கு ஏலாதெண்டால் நான் எடுத்துச் சொல்லுறன்."

"ஒருத்தரும் எடுக்கவேண்டாம்."

ஏன் என்று உனக்கும் எழுதிவைக்கிறேன். நான் எடுத்தால், ஹலோ என்று சொல்வதற்கு முதல் நீ போனைச் சத்தமாகப் போடுவாய். சுற்றிவர உன் சம்பந்திகள் இருப்பார்கள். கள்ளப் பவுண் தந்த கிழவன் இப்போது தன்னைக் காப்பாற்றக் கிறீமில் குற்றம் பிடிக்கிறான் என்பார்கள். அப்படித்தான் கேட்கும். எனக்கே அப்படிக் கேட்கிறது. நான் சொல்லவேண்டியதை ஓகஸ்ட் மாதமே சொல்லிவிட்டேன். மை காய்ந்த எழுத்து உன் லாச்சிக்குள் கிடக்கிறது. எழுதியவன் நான், வாசிக்காதவள் நீ. அதற்காக நான் மன்றாடமாட்டேன்.

இதைப் பதிவுத்தபாலில் அனுப்புகிறேன். நிலாந்தி போனைத் திரும்பவும் மேசைக்குள் வைத்துவிட்டாள்.

வி. விநாயகமூர்த்தி


ஸ்காபுறோ
09.11.2023

அண்ணைக்கு,

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒக்ரோபர் 27ஆம் திகதி வெள்ளிக்கிழமை மேனுகாவுக்கு உடம்பு முழுவதும் நீர்கொண்டு வீங்கிவிட்டது. மோதிரம் கழற்ற முடியாமல் வெட்டினார்கள். இரவே பிள்ளை போய்விட்டது. பெண்பிள்ளைதான். ஏழாம் மாதம். முடி இருந்தது. கீர்த்திகன் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நேர்ஸ் வந்து கேட்கும்வரை கொடுக்கவில்லை.

சிறுநீரகம் பழுது, ஏன் என்று தெரியவில்லை என்றார்கள். என்ன மருந்து எடுக்கிறாள் என்று எத்தனை பேர் எத்தனை தரம் கேட்டார்கள். விற்றமின் குளிசை என்று சொன்னோம். மல்லித்தண்ணி என்று சொன்னோம். சரக்குத்தூள்கூடச் சொன்னோம். கிறீமைச் சொல்லவில்லை. பூசுகிறதை மருந்தென்று ஆர் நினைப்பது? நான் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, முகம் வாடிக் கிடக்குதே என்று, ஆஸ்பத்திரியிலும் இரண்டு தரம் பூசிவிட்டேன். அண்ணை, என் விரலால் பூசிவிட்டேன்.

நவம்பர் முதலாம் திகதி உங்கள் பதிவுத்தபால் வந்தது. லாச்சியைத் திறந்தேன். நாற்பத்துநாலு நாள் அது அங்கே கிடந்தது. நாலாம் பக்கத்தை நின்றபடி வாசித்தேன். பிறகு டப்பாவையும் உங்கள் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தப் பெண் டொக்டருக்கு வரிவரியாக இங்கிலீசில் சொன்னேன். உரைகல்லையும் சொன்னேன், நெருப்பையும் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள். இருந்தது. நீங்கள் சொன்னதுதான், நினைத்ததைவிடக் கூட. இப்போது அதை வெளியேற்ற மருந்து கொடுக்கிறார்கள். சிறுநீரகம் திரும்பக்கூடும் என்கிறா. பிள்ளை இதனால்தான் போனதா என்று கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றா. இல்லை என்றும் சொல்லவில்லை.

என்னிடம் வாங்கிய பதினொரு பேரின் வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, "அப்ப அக்கா, காசைத் திருப்பித் தருவியளோ?" என்றாள். ஒருத்தி நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கழுத்துச் சங்கிலியைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். எண்பதில் நீங்கள், சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பூசு என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. நான் அதை மேனுகாவுக்குச் சொல்லவில்லை. நல்ல காலம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சங்கிலி வெளுத்திருக்காது, இன்னும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பத்தர் எழுதிய துண்டைச் சம்பந்தியம்மாவிடம் காட்டினேன். நீங்கள் சொன்ன அதே மேசை. நீங்கள் எழுதித் தந்த அதே வசனம். "என்ரை அண்ணை கள்ளன் இல்லை, நான்தான் பிழையாய்க் கதைச்சனான்." அவ துண்டை வாங்கி வாசிக்காமல் மேசையில் வைத்தா. "இனி உது என்னத்துக்கு?" என்றா. சொன்னேன் என்று எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். உங்கள் கணக்குத் தீர்ந்தது.

இனி என் கணக்கு. முதல் பக்கத்தோடு நிறுத்தியது நான். டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். அதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். ஆனால் நாலு பக்கம் எழுதத் தெரிந்த மனுசனுக்கு நாலாவதை முதலாவதாக எழுதத் தெரியவில்லையே. ஓகஸ்டில் கோபம் என்று வைத்துக்கொள்வோம். ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி? அன்றைக்கு நான் வாசிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். கால் வீங்குகிறது என்று தெரியும். அதற்கும் 27க்கும் இடையில் பதினெட்டு நாள். போன் மேசையில், சார்ஜில், உங்கள் கைக்கு முன்னால். நிலாந்தி தான் எடுத்துச் சொல்கிறேன் என்றதையும் தடுத்துவிட்டு, அதை எனக்குப் பெருமையாக எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள்.

மேனுகாவுக்கு அந்தக் கடிதத்தை நான் காட்டவில்லை. கீர்த்திகனுக்கும் காட்டவில்லை. மாமாதான் கண்டுபிடித்தவர், மாமாவின் கடிதத்தால்தான் உனக்கு மருந்து நடக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

இனி எனக்கு எழுதவேண்டாம். நான் பிரிக்கமாட்டேன். உங்கள் கையெழுத்துப் போட்ட கவரை இனி நான் ஒரு பக்கம்கூடப் பிரிக்கமாட்டேன்.

மனோகரி


கரம்பொன்
03.12.2023

மனோகரி,

இது தபாலட்டை. பிரிக்க ஒன்றுமில்லை. ஒரு பக்கம்தான்.

ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி நான் போன் எடுத்திருக்கவேண்டும். இதை முதல் வரியாக எழுதவேண்டும் என்றுதான் இருந்தேன், அதற்குள் இரண்டு வரி போய்விட்டது. உன் பங்கைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

நேற்று நிலாந்தியிடம் போய்ப் போனைக் கேட்டேன். மேசைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். ஐந்து தரம் எடுத்தேன். ஒலித்தது. நீ எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

நீயும் உன் இரத்தத்தைப் பார்ப்பித்துக்கொள். எண்பதாம் ஆண்டிலிருந்து பூசுகிறாய்.

மேனுகா நன்றி சொன்னாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு.

சங்கிலி நல்ல மஞ்சளாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறேன். ஒரு இடத்திலும் வெள்ளை இல்லை. பழைய பவுடர் டின்னுக்குள்தான் வைத்திருக்கிறேன். இனி யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை.

அண்ணை